கைதட்டல் உண்டு, கல்லா இல்லை

நெல்லித்தோப்பில் இன்று நெல்லியும் கிடையாது, தோப்பும் கிடையாது. மார்க்கெட் உண்டு, மாதா கோயில் உண்டு, எந்நேரமும் ஹாரன் சத்தம் உண்டு. அப்புறம், எங்கள் தெரு முனை வேப்ப மரத்தடியில் ஒரு மாருதி ஜிப்ஸி உண்டு. 1994-ம் வருஷத்து வண்டி. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. வேப்பம்பூ உதிரும் மாதங்களில் அதை நம்புவது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் பையோடு திரும்புகிறவர்களில் நாலு பேராவது அந்த வண்டியருகே நிற்பார்கள். பானெட்டைத் தட்டுவார்கள். "இந்த மாதிரி வண்டி இனிமே வராது சார்" என்பார்கள். "கியர் போட்டா மலையே ஏறும்" என்பார் ஒருத்தர். அவர் இதுவரை ஏறிய பெரிய மலை செஞ்சிக் கோட்டையாக இருக்கும். வண்டியின் சொந்தக்காரரான அண்ணன் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷத்துல இதைப் புகழ்ந்தவன் ஆயிரம் பேர் இருப்பான் தம்பி. வாங்கிக்கறேன்னு வந்தவன் ஒரு கையில எண்ணிடலாம்."

அந்த ஆயிரம் பேரில் முதல் ஆள் நான்தான். 2006-ல் மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டு, வண்டியை விற்கலாமா என்று அண்ணன் யோசித்தபோது, முதலில் என்னைத்தான் கேட்டார். ஒண்ணேகால் லட்சம். நான் பி.காம். படித்தவன் இல்லையா? பேப்பரும் பேனாவும் எடுத்தேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். ஏ.சி. கிடையாது. கதவு இரண்டுதான். பின்னால் உட்காருகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் போல எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். கூட்டிக் கழித்துவிட்டு, மூன்றாவது கை மாருதி 800 ஒன்றை வாங்கிக்கொண்டேன். அண்ணன் கடன் வாங்கிக் கல்யாணத்தை முடித்தார். வண்டி வேப்ப மரத்தடியிலேயே நின்றது. நான் தினமும் அந்தப் பக்கம் போகும்போது அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனேன்.

இந்த வாரம் இதைத்தான் பேசப் போகிறோம். எல்லோரும் மெச்சி, யாரும் வாங்காத வண்டிகளின் கதை. இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல.

அண்ணனின் அப்பா 'சொல்தா'. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இங்கே அதுதான் பெயர். அவர் அல்ஜீரியாவில் இருந்தவர். அவருடைய பிரெஞ்சு பென்ஷன் பணம்தான் இந்த ஜிப்ஸியாக மாறியது. பாகூர் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வரப்புச் சாலைக்கு வேறு எந்த வண்டியும் வராது.

பெரியவர் உயிரோடு இருந்தபோது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு கதை சொல்வார். அல்ஜீரியாவில் ஒரு கார் இருந்ததாம். அதற்கு முன்னால் ஓர் இன்ஜின், பின்னால் ஓர் இன்ஜின், இரண்டு சாவி, இரண்டு பெட்ரோல் டேங்க். நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து சிரிப்போம். சொல்தாக்கள் கதை விடுவதில் கெட்டிக்காரர்கள் என்பது இந்த ஊரில் பொதுக் கருத்து.

பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தேன். கதை இல்லை சார், அத்தனையும் நிஜம்! சித்ரோயன் 2சிவி என்ற பிரான்ஸின் ஏழைகள் கார் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'தெ-ஷெவோ', அதாவது 'இரண்டு குதிரை'. அதில் 'சஹாரா' என்று ஒரு ரகத்தை 1960-ன் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பாலைவனத்தில் எண்ணெய் தேடுகிறவர்களுக்கும், ராணுவத்துக்கும் நாலு சக்கரமும் இழுக்கிற சிறிய கார் தேவைப்பட்டது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஓர் இன்ஜினில் இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் தண்டு போட்டு விசையைப் பிரிப்பார்கள். சித்ரோயன்காரர்கள் அதெல்லாம் எதற்கு என்று பின்னால் இன்னொரு இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே கிளட்ச், ஒரே கியர் கம்பி. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்றில் வீடு வந்து சேரலாம். டேங்க்குகள் முன் சீட்டுகளுக்கு அடியில். பெட்ரோல் ஊற்றக் கதவிலேயே ஓட்டை. ஸ்டெப்னி பானெட் மேல். கேட்கிறபோதே வாங்க வேண்டும் போல இருக்கிறதல்லவா?

வாங்கியவர்கள் குறைவு. விலை சாதாரண 2சிவி மாதிரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொத்தமே 694 வண்டிகள்தான் செய்தார்கள். அதற்குள் எந்த மண்ணுக்காக அதைச் செய்தார்களோ அந்த மண்ணே கைவிட்டுப் போனது. 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தது. ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1954 நவம்பர் 1-லேயே நிர்வாகம் கைமாறிவிட்டாலும், பிரான்ஸ் காகிதத்தில் முத்திரை குத்த எட்டு வருஷம் ஆனது. ஆக, சஹாரா காரும் எங்கள் ஊரும் பிரெஞ்சுக் கணக்குப் புத்தகத்தில் இருந்து ஒரே கோடைக்காலத்தில் நீக்கப்பட்ட இனங்கள்! இன்று அந்த சஹாரா ஏலத்துக்கு வந்தால் சொகுசு கார் விலைக்குப் போகிறது.

பெரியவரைப் பார்த்துச் சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

பிரான்ஸை விட்டு ஜப்பானுக்கு வாருங்கள். ஜிப்ஸியின் பூர்வீகம் அங்கேதான். அந்தக் குடும்பமும் திவாலில் பிறந்த குடும்பம்தான்.

1960-களில் அங்கே 'ஹோப் மோட்டார்' என்று ஒரு குட்டி நிறுவனம். பெயரிலேயே நம்பிக்கை. மிட்சுபிஷி இன்ஜின் ஒன்றைப் பொருத்தி, ஓஎன்360 என்ற ஒரு சின்னஞ்சிறு நாலு சக்கர விசை வண்டியைச் செய்தது. விற்றது இருபதைக்கூடத் தொடவில்லை. அந்த நிலையில்தான் சுசுகி கம்பெனியின் மருமகன் உள்ளே வருகிறார். ஒசாமு சுசுகி. மாமனார் வீட்டுக் குடும்பப் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர். 2024 டிசம்பரில் 94 வயதில் இறந்தார். நம்மூர் மாருதி 800-க்கும் இவர்தான் ஒருவகையில் தகப்பனார். அந்த வண்டியின் உரிமையை வாங்கிவிடலாம் என்று 1968-ல் இவர் சொன்னபோது, கம்பெனிக்குள் பலருக்கு உடன்பாடு இல்லை. இருபது பேர்கூட வாங்காத சரக்கை நாம் ஏன் வாங்க வேண்டும்? நான் அந்த மீட்டிங்கில் இருந்திருந்தால், பேப்பரும் பேனாவுமாக அதையேதான் சொல்லியிருப்பேன்.

மருமகன் கேட்கவில்லை. 1970-ல் எல்.ஜே.10 என்ற பெயரில் முதல் ஜிம்னி வந்தது. 359 சிசி இன்ஜின். மூன்று மீட்டர் நீளத்துக்குள் இருந்தால்தான் ஜப்பானில் சிறிய கார் வரிச்சலுகை கிடைக்கும் என்பதால், பின்னால் தொங்க வேண்டிய ஸ்டெப்னியை உள்ளே ஒரு சீட்டின் இடத்தில் வைத்தார்கள். ஆக, மூன்று பேர்தான் உட்காரலாம். நாலாவது ஆள், டயர். வரியை மிச்சம் பிடிப்பதற்காக இவ்வளவு சிரமப்படும் இனம் நாம் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்த ஜிம்னியின் அடுத்த தலைமுறையை நீட்டி, பின்னால் பெஞ்சு போட்டதுதான் நம் ஜிப்ஸி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1985 டிசம்பரில் ஜிப்ஸி. 970 சிசி, 45 குதிரை சக்தி, பெட்ரோல். மகிந்திரா ஜீப்பில் முதுகெலும்பு கழன்ற தேசத்துக்கு அது ஓர் அதிசயம். சாவியைத் திருப்பினால் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகிறது! எடை ஒரு டன்னை ஒட்டித்தான். பத்திரிகைகள் புகழ்ந்தன. இமயமலை ராலிகளில் ஜெயித்தது. ரந்தம்போரிலும் கார்பெட்டிலும் புலி பார்க்கப் போனவர்கள் அதில்தான் போனார்கள். தலைவர்கள் மேல்துணியைக் கழற்றிவிட்டு நின்றபடி கும்பிட்டார்கள்.

ஆனால் ஷோரூமில்? ம்ஹூம். டீசல் விலை பெட்ரோலைவிட ரொம்பக் கீழே இருந்த காலம் அது. ஜீப்பு வாங்குகிற விவசாயியும் எஸ்டேட்காரரும் டீசல் கேட்டார்கள். ஜிப்ஸியில் கடைசிவரை டீசல் வரவில்லை. காராக வாங்குகிற குடும்பஸ்தர், பின் சீட்டில் அம்மாவை எப்படி ஏற்றுவது என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. 1993-ல் சக்கரங்களைக் கொஞ்சம் அகலமாகத் தள்ளி வைத்தார்கள். 1996-ல் 1,300 சிசி இன்ஜினோடு 'ஜிப்ஸி கிங்' வந்தது. 2000-ல் சக்தி 80 குதிரையாக ஏறியது. பெஞ்சு மட்டும் மாறவில்லை.

பின்னே எப்படி முப்பத்து மூன்று வருஷம் ஓடியது? ராணுவம். எந்தக் குறைக்காக நாம் வேண்டாம் என்றோமோ, அதே விஷயம் அவர்களுக்கு நிறை. உறைபனியில் டீசல் கெட்டியாகிவிடும், பெட்ரோல் இன்ஜின் கிளம்பிவிடும். லேசான வண்டி என்பதால் சேற்றில் சிக்கினாலும் நாலு ஜவான்கள் தள்ளி எடுத்துவிடலாம். எதிரெதிரே உட்காரும் பெஞ்சு, துப்பாக்கியோடு குதித்து இறங்கத் தோதாக இருக்கும். பழைய ஜீப்புகளும், ஜபல்பூரில் தயாரான ஜோங்காக்களும் ஓய்வுபெற, 1990-களில் இருந்து 30,000-க்கும் மேற்பட்ட ஜிப்ஸிகள் ராணுவத்துக்குப் போயின. போலீஸும் வாங்கியது. நம்மைப் போன்றவர்களை நம்பியிருந்தால் அந்தத் தொழிற்சாலைப் பிரிவை எப்போதோ பூட்டியிருப்பார்கள்.

இந்த இடத்தில் நாலு சக்கர விசை என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாதாரண காரில் இன்ஜின் இரண்டு சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. அதில் ஒன்று சேற்றில் வழுக்கினால், விசையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் வீணாகச் சுற்றும். ஜிப்ஸியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும். அதைப் போட்டால் முன் சக்கரங்களும் இழுக்க ஆரம்பிக்கும். இன்னும் ஒரு நிலை உண்டு. 'லோ'. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். போட்டால் முதல் கியரில் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் ஊரும், ஆனால் யானை மாதிரி இழுக்கும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிற பண்டமாற்று. முப்பது வருஷத்தில் அண்ணன் அந்தக் கம்பியைத் தொட்ட நாட்கள் குறைவு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் ஊரைப் புரட்டிப் போட்டபோது, தெருவில் விழுந்த மரங்களை வடக்கயிறு கட்டி இழுத்துப் போட்டார். அப்புறம் 2024-ல்.

அந்த வருஷம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. இருபத்து நாலு மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்து பார்த்தால் தெரு இல்லை, தண்ணீர்தான். என் சின்னம்மா கிருஷ்ணா நகரில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்து மூன்று. போன் எடுக்கவில்லை. என்னுடைய கார், இப்போது இருக்கிற புதுசு (கம்பெனி பெயர் வேண்டாமே), பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கு மட்டும் எரிந்து அணைந்தது. ஏ.சி. உண்டு, மைலேஜ் உண்டு, பின் சீட்டில் சொகுசு உண்டு. நகரத்தான் வழியில்லை.

வாசலில் நின்று முழித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார். ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். "ஃபேன் சுத்தினா தண்ணியை வாரி இன்ஜின் மேல அடிக்கும்." டிஸ்ட்ரிபியூட்டர் மேல் ஒரு ரப்பர் கையுறையை மாட்டி, ஒயர்களை விரல் வழியாக வெளியே எடுத்து, நூலால் கட்டினார். அதற்குள் ஈரம் போனால் ஸ்பார்க் வராது, வண்டி நடுத்தண்ணீரில் நின்றுவிடும். பிறகு இடுப்பளவு குனிந்து, முன் சக்கர நடுவில் இருக்கும் குமிழைத் தண்ணீருக்குள் கையை விட்டுத் திருகினார். இரண்டு பக்கமும். "ஏறு தம்பி. நடுவுல எதுவும் பேசாதே."

இந்திரா காந்தி சிலை சதுக்கம் ஏரி மாதிரி இருந்தது. லோ கியரில், காலைத் தூக்காமல், ஒரே சீராக ஓட்டினார். பானெட்டுக்கு முன்னால் ஓர் அலை எழும்பி, எங்களோடேயே நகர்ந்து வந்தது. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறியது. நான் சாமியைக் கும்பிட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

கிருஷ்ணா நகருக்குள் வண்டி போகவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே ஆழம் வேறு கணக்கு. தெருமுனையிலேயே அண்ணன் நிறுத்திவிட்டார். அன்று காலை ராணுவம் அங்கே இறங்கி, படகில் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு படகில்தான் சின்னம்மாவும் வந்து சேர்ந்தார், மாத்திரை டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. படகில் இருந்து நேராக ஜிப்ஸியின் பெஞ்சில் ஏற்றினோம். முழங்கால் இடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. படகைப் பிடித்திருந்த ஒரு ஜவான், வடக்கத்திப் பையன், வண்டியைப் பார்த்துச் சிரித்து பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்த வண்டி அல்லவா!

ஜிப்ஸியின் உற்பத்தி அதற்குள் நின்றுபோயிருந்தது. 2019-ல் ஏர்பேக், ஏ.பி.எஸ்., விபத்துச் சோதனை என்று புது விதிகள் வந்தன. 2020-ல் பி.எஸ்.-6 புகை விதி. 1985 உடம்புக்கு இதையெல்லாம் மாட்ட முடியாது. 2019 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். அதற்கப்புறமும் ராணுவத்துக்கு மட்டும் சில ஆயிரம் வண்டிகள் போயின. 2023-ல் ஒரு பழைய ராணுவ ஜிப்ஸிக்கு பேட்டரி, மோட்டார் பொருத்தி மின்சார வண்டியாகவும் ஓட்டிக் காட்டினார்கள். நிறுத்திய செய்தி வந்த வாரம், தேசமே கண்ணீர் விட்டது. ஜிப்ஸி வாங்காத தேசம்.

சரி, அப்படி அழுதவர்களுக்காக 2023 ஜூனில் புது ஜிம்னி வந்தது. ஐந்து கதவு, ஏ.சி., ஏர்பேக், முன்னோக்கிய பின் சீட்டு. கேட்ட எல்லாமே இருந்தது. விலை 12 லட்சத்து 74 ஆயிரத்தில் ஆரம்பம். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஆறே மாதத்தில் லட்சக்கணக்கில் தள்ளுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. பல மாதங்களில் விற்பனை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அதே வண்டியை, ஹரியானாவின் குருகிராமில் செய்த அதே ஐந்து கதவு ஜிம்னியை, 2025 ஜனவரி 30-ல் ஜப்பானில் அறிவித்தார்கள். மாதம் 1,200 விற்கலாம் என்று திட்டம். நாலே நாளில் 50,000 பேர் பதிவு செய்ய, கம்பெனியே பதிவை நிறுத்தியது. மூன்றரை வருஷ சரக்கு!

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அவனுக்கு மலை இருக்கு, பனி இருக்கு. நமக்கு இந்திரா காந்தி சிலை மட்டும்தானே" என்றார்.

இப்போது பிரச்னை வேறு. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை 600 ரூபாய். அப்புறம் 5,000. 2025-ல் இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 என்றாக்கிவிட்டார்கள். அரசாங்க வண்டிகளுக்கு இந்த வாய்ப்பும் கிடையாது. 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் ஆனால் நேராக உடைப்புதான். போலீஸ் ஜிப்ஸிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது இதனால்தான். புராதன வண்டி என்று தனி மரியாதை வாங்கலாமே என்றால், அதற்கு 50 வயது ஆக வேண்டும். அண்ணனின் ஜிப்ஸிக்கு அது 2044-ல். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய வண்டி.

2024 அக்டோபரில் அண்ணன் 5,000 கட்டிப் புதுப்பித்தார். பிரான்ஸில் இருக்கும் மகன் போனில் சத்தம் போட்டார். "வித்துத் தொலைங்கப்பா, அடுத்த தடவை பத்தாயிரம் கேப்பாங்க." (அப்போது அவர் சும்மா சொன்னது, ஒரே வருஷத்தில் பலித்துவிட்டது.) இப்போது கேரளாவில் இருந்து ஒருத்தர் மூன்றரை லட்சம் தருகிறேன் என்று வந்துபோயிருக்கிறார். அண்ணனுக்கு மனசில்லை. "வாங்கிட்டுப் போயி மேல வெட்டுவான், ட்ராக்டர் டயரைப் போடுவான், கலர் கலரா லைட்டை மாட்டுவான்."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் இருந்து வந்துகொண்டிருந்தேன். வேப்ப மரத்தடியில் வழக்கம்போல் நின்று பானெட்டைத் தட்டினேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"தம்பி, நீ எடுத்துக்கறியா? உனக்குன்னா அதே ஒண்ணேகால்தான்."

ஒரு வாரம் டைம் கேட்டேன். வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். மைலேஜ், இன்ஷூரன்ஸ், 2029-ல் பத்தாயிரம், என் வீட்டு வாசலில் இரண்டாவது வண்டிக்கு இடம். சின்னம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பேப்பரை எட்டிப் பார்த்தார். "இதுல என்னடா கணக்கு?" என்றார்.

இது நாலாவது வாரம்.